இலை போடுகிறவர் எப்போது சாப்பிடுகிறார்?

ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி ஒரு தொழிலாளர் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். கூலி இருக்கிறது, நிலம் இருக்கிறது, ரேஷன் இருக்கிறது. இட்லி சாம்பாருக்கு ஏன் இடம் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்கலாம்.

கடலூர் சிப்காட்டில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறவரைக் கேளுங்கள். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டி வந்து, இறக்குவதற்காக இரவெல்லாம் காத்துக் கிடக்கிறவரைக் கேளுங்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து நடவு வேலையை விட்டுவிட்டு, புருஷனை அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள். ஓட்டல் அவர்களுக்கு உல்லாசமா? அடுப்பு இல்லாத இடத்தில் அதுதான் அடுப்பு. கட்சி வேலையாக ஊர் சுற்றும் என் போன்றவர்களுக்கும் அப்படித்தான். சிதம்பரத்தில் இறங்கினால் கத்தரிக்காய்க் கொத்சு தொட்டுக்கொண்டு நாலு இட்லி. திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால் அளவுச் சாப்பாடு. கொத்சு விஷயத்தில் சிதம்பரத்தை அடிக்க வேறு ஊர் இல்லை என்பது என் கட்சி!

அந்தப் பெஞ்சில் எல்லோரும் சமமாக உட்காரும் உரிமை சும்மா வந்துவிட்டதா? ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதியில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு வேறு இடம் என்று பிரித்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. எதிர்ப்பு வலுத்த பிறகு 1941-ல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. 1950-ல் வந்த அரசியல் சட்டம், கடையிலும் பொது உணவு விடுதியிலும் ஜாதியைக் காட்டி ஒருவரைத் தடுக்கக்கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்கும் பிறகு, 1957-ல், சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் போர்டிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார். நாளுக்கு நாள் தொண்டர்கள் கைதாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்ற பிறகே அந்தச் சொல் நீங்கியது. கடல் கடந்து பார்த்தாலும் இதே கதைதான். அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் 1960 பிப்ரவரி 1-ந் தேதி, வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த சாப்பாட்டு மேஜையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு காப்பி கேட்டார்கள். கொடுக்கவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தார்கள். ஜூலையில் அந்தக் கடை பணிந்தது.

நந்தனாரை நெருப்பில் இறங்கி வரச் சொன்னதாகக் கதை சொல்லும் ஊர் சிதம்பரம். அந்தக் கதையை நாம் கோயில் வாசலோடு நிறுத்திவிடுகிறோம். கிராமத்து டீக்கடை வாசலிலும் ஒரு நெருப்பு இருந்தது. சேரி ஜனங்களுக்குக் கொட்டாங்கச்சி. பிறகு தனிக் கிளாஸ், அதையும் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். கொள்ளிடத்துக்குத் தெற்கே சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்து விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடி பிடித்தபோது, இந்தக் கிளாஸ் கணக்கும் அதோடு சேர்ந்தே தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

இன்று தீர்ந்துவிட்டதா? “காகிதக் கப் வந்துவிட்டது, இரட்டைக் கிளாஸ் போய்விட்டது” என்று சொல்லித் திருப்திப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் சந்தேகம். காகிதக் கப் கிளாஸை ஒழித்தது, பெஞ்சை ஒழிக்கவில்லையே! கப்பை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போய்க் குடிக்கிறவர் யார், பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறவர் யார் என்று பார்க்க வேண்டாமா? 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பூசிய கப்புகளுக்கு ராஜ்யத்தில் தடை வந்தது. தடையை மதித்த கடைகளில் கிளாஸ் திரும்பி வந்தது. எத்தனை வகைக் கிளாஸ் வந்தது என்று போய்ப் பார்ப்பது நம் கிளைத் தோழர்களின் வேலை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் கலெக்டரே நேரில் போனபோது டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் இருந்தது, வழக்குப் பதிவாயிற்று. நம் மாவட்டம் மட்டும் யோக்கியமா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியில், ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரையே, தலித் பெண் என்பதால் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் 2020-ல் ஊரெல்லாம் பரவியதே! பஞ்சாயத்து ஆபீசில் நாற்காலி மறுக்கிறவர்கள் டீக்கடையில் பெஞ்சைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்களா?

உட்காருகிறவரைப் பற்றி இவ்வளவு சொன்னோம். நிற்கிறவர் விஷயம் என்ன?

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஓர் ஓட்டலில் இரவு பத்தரை மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், பல ஓட்டல்களில் நடப்பதுதான். இலை போட்டவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கெண்டைக்கால் நரம்புகள் கயிறு கயிறாகச் சுருண்டு புடைத்திருந்தன. “நீங்கள் சாப்பிட்டாச்சா அண்ணே?” என்று கேட்டேன். சிரித்தார். “நீங்க எழுந்திருச்சா இலை எடுக்கணும், மேசை துடைக்கணும், பெஞ்சைத் தூக்கி வைக்கணும். அப்புறம்தான் தம்பி. அப்ப சாம்பார் இருந்தா சாம்பார், இல்லாட்டி மோரு.” காலை ஆறு மணிக்கு வந்தவர். மத்தியானம் இரண்டு மணி நேரம் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம், அதுதான் ஓய்வு. லீவு போட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சப்ளையர் வேலை. பி.எப். என்றால் என்ன என்று என்னையே கேட்டார்.

சாப்பாட்டு விடுதித் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1958-லேயே சென்னை ராஜ்யத்தில் தனிச் சட்டம் போட்டார்கள். சட்டத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த அண்ணனைவிட மூத்தது. கடைத் தொழிலாளிக்கு உட்கார ஆசனம் தர வேண்டும் என்று 2021-ல் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் சட்டப் புத்தகத்தில் போட்ட நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. மேஜை துடைக்கும் சிறுவர்களை வைக்கக்கூடாது என்று 2006 அக்டோபரில் தடை வந்த பிறகு பையன்களைக் கூடத்தில் காண்பது குறைந்திருக்கிறது; இதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்தில் இன்று நிற்பவர் யார்? ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த வாலிபர்கள். பாஷை தெரியாது, சங்கம் தெரியாது, ஊருக்குப் போக டிக்கெட் பணம் முதலாளி கையில். “வடக்கத்தியான் வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான்” என்று டீக்கடையில் பேசுகிற நம் ஆட்களுக்குச் சொல்கிறேன்: கூலியைக் குறைத்தது கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், இலை எடுக்கிறவர் அல்ல.

“கூலியை உயர்த்தினால் இட்லி விலை ஏறும்; ஏறினால் ஆலைத் தொழிலாளிதானே கொடுக்க வேண்டும்?” என்று ஒரு தோழர் என்னிடமே வாதாடினார். நியாயமான கேள்வி. ஆனால் இட்லி விலை இதுவரை ஏறாமலா இருந்தது? கடை வாடகை ஏறியபோது ஏறியது. காஸ் சிலிண்டர் ஏறியபோது ஏறியது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து பில்லின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது. டெலிபோனில் ஆர்டர் பிடித்துச் சாப்பாடு கொண்டுபோகும் கம்பெனிகள் ஓட்டல்காரரிடம் கணிசமான கமிஷன் பிடிக்கின்றன. இத்தனைக்கும் விலை ஏறலாம், சப்ளையர் கூலிக்கு மட்டும் ஏறக்கூடாதோ? புருஷனும் பெண்சாதியுமாக நாலு பெஞ்சு போட்டு மெஸ் நடத்துகிறவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்களும் நம்மைப் போல் அடுப்படியில் வேகிறவர்கள். வாடகைக்கும் சிலிண்டருக்கும் எதிராக நம்மோடு நிற்க வேண்டியவர்கள். மூன்று கிளை திறந்துவிட்டு, “நஷ்டத்தில் நடத்துகிறேன்” என்று முகத்தைத் தொங்கப் போடுகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

முதலாளி இல்லாமல் ஓட்டல் நடக்காது என்பவர்களுக்கு ஒரு விஷயம். காபி போர்டு நடத்திய காபி ஹவுஸ்களை 1950-களின் நடுவில் மூடி, தொழிலாளர்களை வெளியே தள்ளினார்கள். தோழர் ஏ.கே. கோபாலன் முன்நின்றார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும், 1958-ல் திருச்சூரிலும் தாங்களே கடை திறந்தார்கள். காபி போடுகிறவரும் கணக்கு எழுதுகிறவரும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியிலும் அப்படி ஒரு காபி ஹவுஸ் கிளம்பிற்று. கடலூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். எல்லாம் பொன்னாக விளைந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். சில இடங்களில் வாடகை பாக்கி, நஷ்டம், கதவடைப்பு எல்லாம் வந்தன. நஷ்டம் வராத முதலாளி ஓட்டல் எது? கேரளத்தில் இன்றும் ஊருக்கு ஊர் அந்தக் கடைகளில் தொழிலாளி தலைப்பாகையோடு பரிமாறுகிறார்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால், கடலூரிலும் சிதம்பரத்திலும் ஓட்டல் தொழிலாளர்களை ஒன்றுசேர்க்க வேண்டும். நாமும் ஒரு தப்புச் செய்கிறோம். சங்கக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்குக் கூட்டிவிட்டு, “ஓட்டல்காரர்கள் வருவதில்லை” என்று குறை சொல்கிறோம். ஆறு மணிக்குத்தானே அங்கே கூட்டம் மொய்க்கிறது! எப்படி வருவார்கள்? இரவு பதினொன்றரைக்குக் கூட்டம் போடுங்கள். நோட்டீஸைத் தமிழோடு இந்தியிலும் ஒரியாவிலும் அடியுங்கள். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் விடிய விடிய டீ கிடைக்கும். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம். உட்கார வேண்டியவர்கள் அவர்கள்.