தோளில் ‘கடக் கடக்’ சத்தம்: எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: எனக்கு 46 வயது. பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலையும் மாலையும் இரண்டு மாடுகளுக்குத் தட்டு அறுத்துப் போட்டு, பால் கறக்கிறேன். ஆறு மாதமாக வலது கையைத் தூக்கினால் தோளில் ‘கடக் கடக்’ என்று சத்தம் வருகிறது. வலி இல்லை. ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஊசி போட வேண்டும்’ என்கிறார்கள். மாட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, குண்டடம்

பதில்: அவசரப்பட்டு மாட்டை விற்க வேண்டாம், சகோதரி. நான் மருத்துவன் அல்ல. ஆனால் விவசாயிகள் கூட்டம் முடிந்ததும், பூச்சி மருந்துக்கு அடுத்தபடியாக என்னிடம் கேட்கப்படுவது தோள்வலியும் மூட்டுவலியும்தான். அதனால் எலும்பு மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சை செய்பவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டு, ஆட்டுக்கல் குழியில் குழவி உட்கார்ந்திருப்பது போல ஆழமானது. தோள் மூட்டு அப்படி இல்லை. தட்டத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல, பந்து பெரிது, கிண்ணம் சிறிது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. பாகற்பந்தலை நாலாபுறமும் கம்பி இழுத்துக் கட்டுவது போல, நான்கு தசைகள் அந்தப் பந்தைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இத்தனை அசையும் இடத்தில் சத்தம் வருவது இயல்பு. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் கரைந்துள்ள வாயு குமிழாகும்போது ‘டக்’ என்று கேட்கும். விரலில் சொடக்கு எடுப்பதும் இதுதான். எலும்பின் மேட்டைத் தாண்டித் தசைநார் நழுவும்போதும், முதுகுப்பக்கத் தோள்பட்டை எலும்பு விலா எலும்பின் மேல் நகரும்போதும் சத்தம் வரும். வலி இல்லாத சத்தத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை. சத்தத்தை மட்டும் வைத்து ‘ஜவ்வு தேய்ந்தது’ என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காக ஊசி போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

சத்தத்தை விட்டுவிட்டு மூன்றைக் கவனியுங்கள்: வலி, அசைவு, பலம்.

வலி: அந்தப் பக்கமாகப் படுக்க முடியாமல் இரவில் தூக்கம் கெடுகிறதா?

அசைவு: தலை பின்ன, ரவிக்கைக் கொக்கி மாட்ட, முதுகு தேய்க்கக் கை பின்னால் போகிறதா?

பலம்: தண்ணீர்ச் சொம்பை உயரத் தூக்கி வைக்க முடிகிறதா?

இந்த மூன்றும் சரியாக இருந்தால் நிம்மதியாக வேலையைப் பாருங்கள். ஒன்று குறைந்து இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டாலும், உரசுவது போன்ற ‘கரகர’ சத்தத்தோடு வலியும் சேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். என் இடது தோள் பல வருடமாகச் சத்தம் போடுகிறது. அதைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சத்தமே போடாத வலது தோள் ஒரு நாள் இறுக ஆரம்பித்தது. சட்டை போட முடியவில்லை. நாலு மாதம் தைலம் தேய்த்தே ஓட்டினேன். பிறகு காட்டியபோது ‘தோள் இறுக்கம்’ என்றார்கள். ரத்தம் பரிசோதித்தால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. 40 முதல் 60 வயதுக்குள் வரும் இந்த இறுக்கம் சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம். சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம். எனவே தோள் இறுகினால் சர்க்கரையையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. பத்து நாளைக்கு முன்பு மருந்து நிரப்பிய தெளிப்பானைத் தரையிலிருந்து தூக்கி மாட்டும்போது தோளில் ‘பட்’ என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். உருவி விட்டால் சரியாகுமா?
– வாசகி, ஊத்துக்குளி

பதில்: உருவ வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். முன் கேள்வியில் வந்தது வலியில்லாத சத்தம். இது வேறு. ஒரே ஒரு சத்தம், உடனே கை பலம் போனது. இப்படியானால் தசைநார் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயில் எலும்புதான் நன்றாகத் தெரியும். தசைநார்க் கிழிசலைப் பார்க்க ஸ்கேன் தேவைப்படும். கிழிந்த நார் நாளாக நாளாக உள்ளே சுருங்கும், தசையும் மெலியும். அதற்குப் பிறகு தைப்பது கடினம். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். வீட்டில் யாருக்காவது இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்குமா என்று கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

மறுபடியும் இப்படி ஆகாமல் இருக்க ஒரு வழி: 16 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்கக் கூடாது. கிணற்று மேட்டிலோ திண்ணையிலோ வைத்து, முதுகைக் கொடுத்து இரண்டு வாரையும் மாட்டி எழுந்திருங்கள். வயதானவர்கள் 10 லிட்டரோடு நிறுத்தி இரண்டு நடை போகலாம். பேட்டரி தெளிப்பான் என்றால் கைப்பிடி அடிக்கும் வேலையும் மிச்சம்.

எல்லோருக்கும்:

உடனே போக வேண்டியவை: விழுந்த பிறகு தோளின் வடிவம் மாறியிருத்தல், தோள் வீங்கிச் சிவந்து காய்ச்சல் அடித்தல், கை மரத்துப்போதல்.

இடது தோள்வலியோடு நெஞ்சில் இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் ‘வாயு’ என்று சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள். அது மாரடைப்பாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும்.

லேசான இறுக்கத்துக்கு ஒரு பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனியுங்கள். வலிக்கும் கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு, ஒரு நிமிடம் சிறு வட்டமாக ஆட்டுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். நடமாட முடியாத பெரியவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கிராமச் செவிலியரிடம் சொல்லி வையுங்கள்.

மோட்டாரில் சத்தம் மாறினால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். தண்ணீர் குறைந்தாலும் கூப்பிடுகிறோம். தோளுக்குச் சத்தத்தைவிட இரண்டாவதுதான் முக்கியம். கை செய்கிற வேலை குறைகிறதா என்று பாருங்கள்.