மசோதா எங்கேப்பா இருக்கு?

டிஸ்கி: இது எந்தக் கட்சிக்கும் ஜால்ரா அடிக்கிற பதிவு இல்லை. படிச்சுட்டு யாரும் அம்பத்தூருக்கு ஆட்டோ அனுப்பாதீங்க. பாடி மேம்பாலம் தாண்டி வந்து சேர்றதுக்குள்ள உங்க கோபமே தணிஞ்சிடும் :-)

ஆளுநர், துணைவேந்தர்னு யாராவது ஒரு பதிவு போட்டால் போதும், பின்னூட்டத்தில் ரெண்டு கோஷ்டி வந்து இறங்கிடும். ஒரு கோஷ்டிக்கு ஆளுநர் வில்லன், இன்னொரு கோஷ்டிக்கு அவர்தான் கடைசி நம்பிக்கை. நூறு பின்னூட்டம் வரைக்கும் கும்மி நடக்கும். "சரிங்க, அந்த மசோதாவில் என்ன எழுதியிருக்கு? அது இப்போ யார் மேசையில் இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. ரெண்டு கோஷ்டியும் கப்சிப்.

என் சண்டை அந்த ரெண்டாவது கேள்வியைப் பத்தினது.

அம்பத்தூர் தபால் ஆபீஸில் ஒரு ஸ்பீட் போஸ்ட் போட்டால் ரசீதில் ஒரு நம்பர் தர்றாங்க. கவர் எப்போ கிளம்பியது, எந்த ஊரில் நிக்குது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க, எல்லாம் செல்போனில் தெரியுது. நடத்துறது அரசாங்கம்தான். நூறு ரூபாய்கூட ஆகாத கவருக்கே இவ்வளவு மரியாதை. லட்சக்கணக்கான பசங்க படிப்பையும் நம்ம ஆஸ்பத்திரிகளையும் தொடுற ஒரு மசோதாவுக்கு அது கிடையாது. சட்டசபையில் தாக்கல் ஆகும்போது பி.டி.எஃப். கிடைக்கும். சட்டமாகிவிட்டால் அரசிதழில் வரும். நடுவில் கோட்டையிலிருந்து கிண்டிக்கும், கிண்டியிலிருந்து டெல்லிக்கும் போகுதே, அந்தப் பயணத்தைத் தெரிஞ்சுக்க நமக்குப் பேப்பர்க்காரர்தான் கதி.

"அதனால என்னய்யா குடி முழுகிப்போச்சு?"ன்னு கேப்பீங்க. 2017 கதையைக் கேளுங்க.

2017 பிப்ரவரி 1. நீட்டிலிருந்து விலக்கு கேட்டு தமிழ்நாடு சட்டசபையில் ரெண்டு மசோதா நிறைவேறுது. ஒண்ணு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாதிரி இளநிலைப் படிப்புக்கு, இன்னொண்ணு முதுநிலைக்கு. ரெண்டும் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்குப் போச்சு. அப்புறம்? "டெல்லியில் நிலுவையில் இருக்கு." நாமெல்லாம் நம்பிக்கிட்டிருந்தது அதைத்தான். 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடக்கும்போது மத்திய அரசு சாவகாசமாச் சொல்லுது: அந்த மசோதாக்களுக்கு 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுத்துத் திருப்பி அனுப்பியாச்சு. கிட்டத்தட்ட 22 மாசம்! செத்துப்போன மசோதாவுக்கு உயிர் இருக்குன்னு ஊரே காத்துக்கிட்டிருந்திருக்கு. விஷயம் வெளியே வந்த பிறகு மாநில சட்ட அமைச்சர், மறுத்ததுக்குக் காரணம் கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதிக்கிட்டுத்தான் இருந்தோம்னு விளக்கம் கொடுத்தார். ஆக, டெல்லிக்கும் தெரியும், கோட்டைக்கும் தெரியும். பரீட்சை எழுதுறவனுக்கு மட்டும் தெரியாது.

என் தங்கச்சி 2018-ல் பிளஸ் டூ, பயாலஜி குரூப். எங்க வீட்டில் அந்த ரெண்டு வருஷமும் ஒரே பேச்சுதான். "விலக்கு வந்துரும்னு சொல்றாங்களே, எதுக்கு அவ்வளவு பணம் கட்டி கோச்சிங்?" சொன்னது அப்பா. அவர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுறவர், பேப்பரை வரி விடாமப் படிக்கிறவர். பேப்பரில் இருந்ததைத்தான் நம்பினார். தங்கச்சி இப்போ மைக்ரோபயாலஜி முடிச்சுட்டு ஒரு லேபில் ரத்த சாம்பிள் பார்க்குறா. கோச்சிங் போயிருந்தால் டாக்டர் ஆகியிருப்பாளா? அந்தக் கணக்குக்குள்ள நான் போகலை. ஆனா 2017 செப்டம்பரில் ஒரு வரி, ஒரே ஒரு வரி, அரசாங்கத் தளம் ஏதாவது ஒண்ணில் வந்திருந்தால் எங்க வீட்டில் வேற முடிவு எடுத்திருப்போம். இந்த மாதிரி எத்தனை வீடு!

நீட் மசோதா அதோட முடியலை. ஏ.கே. ராஜன் குழு அறிக்கைக்குப் பிறகு 2021 செப்டம்பர் 13-ல் புது மசோதா. 2022 பிப்ரவரி தொடக்கத்தில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், 8-ம் தேதியே சட்டசபை மறுபடி நிறைவேற்றிச்சு. அப்புறம் டெல்லி. ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரல் 4-ல் முதல்வர் ஸ்டாலின் சட்டசபையில் சொல்லித்தான் நமக்குத் தெரியும். இந்தத் தடவை சொல்லவாவது சொன்னாங்க.

அடுத்தது மருத்துவப் பல்கலைக்கழகம். கிண்டியில் இருக்கிற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சொல்றேன். மதுரவாயலில் இருக்கிற எம்.ஜி.ஆர். பேர் கொண்ட நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வேற. நம்ம ஏரியாவில் பாதிப்பேர் ரெண்டையும் ஒண்ணுன்னே நினைச்சுக்கிட்டிருக்காங்க. பூந்தமல்லி ஹைரோடு நெடுக இருக்கிற நிகர்நிலைகளை இந்தத் திருத்தம் தொடாது. கிண்டிக்காரரோடு இணைந்த அரசு, தனியார் கல்லூரிகளுக்குத்தான் இந்தப் பிரச்சினையெல்லாம்.

1987-ல் வந்த சட்டம் அது. துணைவேந்தரை நியமிக்கிறவர் வேந்தர், அதாவது ஆளுநர். 2022-ல் கொண்டு வந்த திருத்தத்தின் சாரம், 'வேந்தர்' இருக்கிற இடத்தில் 'அரசு'ன்னு போடுறது. நம்ம பாஷையில் சொன்னா ஒரு வரி பேட்ச். எங்க ஆபீஸில் ஒரு பேட்ச் போட்டால் யார் அனுப்பினது, யார் பார்த்தது, யார் நிராகரிச்சது எல்லாம் பதிவாகும். இதோட வரலாற்றைப் பாருங்க. 2022-ல் நிறைவேறுது. 2023 நவம்பர் 13-ல் இதையும் சேர்த்து 10 மசோதாக்களுக்கு ஆளுநர் ரவி ஒப்புதல் மறுக்கிறார். 18-ம் தேதி சட்டசபை பத்தையும் திரும்ப நிறைவேற்றுது. 28-ம் தேதி அவர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிடுறார். 2025 ஏப்ரல் 8-ல், 2023 நவம்பர் 18-லேயே ஒப்புதல் கிடைச்சதாகக் கருதணும்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுது, 415 பக்கம். 11-ம் தேதி அரசிதழ். மே 21-ல் துணைவேந்தர் நியமன அதிகாரத்தை மாத்தின பிரிவுகளுக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை. அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடுது. 2025 நவம்பர் 20-ல் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொல்லுது: ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைச்சதாகக் கருதுவது'ங்கிறதும் செல்லாது.

தலை சுத்துதா? எனக்கும் சுத்திச்சு. இது ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு பதவிக்கு யார் ஆள் போடுறதுங்கிற ஒரே கேள்வி. இதுக்கே இத்தனை தேதி. அத்தனையையும் நான் பேப்பர் செய்தியிலிருந்தும் தீர்ப்பு நகல்களிலிருந்தும் பொறுக்கி ஒரு எக்செல்லில் போட்டு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மேட்ச் பாக்குற நேரத்தில் ஒரு தனி ஆள் செய்யுற வேலையா இது?

"அண்ணே, தாமதம் பண்ணது ஆளுநர். நீங்க ஏன் கோட்டையைத் திட்டுறீங்க?"ன்னு உடன்பிறப்புகள் வருவாங்க. தாமதத்துக்கு ஆளுநர் மாளிகைதான் பதில் சொல்லணும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டசபை நிறைவேற்றினதை வருஷக்கணக்கா மேசையில் வெச்சுக்கிறது அநியாயம். ஆனா மறைக்கிறது வேற விஷயம். 2023-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனப்போ தமிழக அரசு 12 மசோதாக்களைப் பட்டியல் போட்டுக் காட்டிச்சு. அதில் பழசு 2020 ஜனவரியில் அனுப்பினது. எவ்வளவு சுத்தமான கணக்கு! நீதிபதிக்குக் காட்ட முடிஞ்ச அட்டவணையைச் சட்டத்துறை தளத்தில் வெச்சு எனக்கும் காட்டினால் என்ன குறைஞ்சிடும்? ஆட்சி மாறினா தங்களுக்கே தலைவலின்னு நினைப்பாங்களோ என்னவோ. 2017-ல் இருந்தது வேற ஆட்சி. பழக்கம் அதேதான்.

எதிர்த்தரப்பு நண்பர்களுக்கு ஒண்ணு. கையெழுத்துப் போடணும்னு நினைச்சால் சீக்கிரமே முடியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 செப்டம்பர் 15-ல் சட்டசபையில் நிறைவேறிச்சு. ஆளுநர் புரோகித் அக்டோபர் 30-ல் ஒப்புதல் கொடுத்தார். 45 நாள். அதுவும் அரசு முந்தின நாள் தனியா அரசாணை போட்ட பிறகு. அந்த 45 நாளே தாமதம்னு நாம கத்தினோம், ஞாபகம் இருக்கா?

வெளியே எப்படின்னு பார்த்தால் வயிறெரியுது. அமெரிக்க காங்கிரஸ் தளத்தில் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு பக்கம், எந்தப் படியில் நிக்குதுன்னு பட்டை போட்டுக் காட்டுறாங்க. சபை கூடியிருக்கும்போது அதிபர் ஞாயிறு நீங்கலாகப் பத்து நாள் சும்மா வெச்சிருந்தால் அது சட்டமாயிடும். அந்தக் காலக்கெடு இங்கே வரணும்னா அரசியல் சட்டத்தையே திருத்தணும். பட்டை போட்டுக் காட்ட எந்தத் திருத்தமும் வேண்டாம். தகவல் உரிமைச் சட்டம் நாலாவது பிரிவே, கேக்காமலே வெளியிடுன்னுதான் சொல்லுது.

சித்த மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் சொல்லிடுறேன், அது நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம். மாதவரத்தில் வரும்னாங்க. பாடியிலிருந்து 200 அடி ரோட்டைப் பிடிச்சால் மாதவரம். 2022 ஏப்ரலில் சட்டசபை மசோதா நிறைவேற்றிச்சு. மூன்றரை வருஷம் கழிச்சு 2025 அக்டோபரில் திரும்பவும் ஒரு சித்த மருத்துவப் பல்கலைக்கழக மசோதா. ஆளுநர் அதில் எழுதின கருத்துகளை ஏற்க முடியாதுன்னு முதல்வர் தீர்மானம் கொண்டு வந்தது அன்னிக்குத் தலைப்புச் செய்தி. அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் சித்தா படிக்கிற பசங்களுக்குத் தெரிய வேண்டியது அந்தச் சண்டை இல்லை. முதல் மசோதா எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால், எந்த மேசையில் நின்னுச்சுங்கிறதுதான்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, சட்டத்துறைக்கு ஒண்ணு, சட்டசபைச் செயலகத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆர்.டி.ஐ. மனு தயார் பண்ணியிருக்கேன். கேள்வி மூணே மூணு: 2020 ஜனவரி முதல் நிறைவேறிய பல்கலைக்கழக, மருத்துவ மசோதாக்கள் எவை, ஒவ்வொண்ணும் எந்தத் தேதியில் யாருக்குப் போச்சு, எந்தத் தேதியில் என்ன பதில் வந்துச்சு. 30 நாளில் பதில் தரணும். கால்நடைப் பல்கலைக்கழகம், மீன்வளம், வேளாண்மை, சட்டம்னு அந்தப் பத்தில் இன்னும் நிறைய இருக்கு. கோவைக்காரங்க வேளாண்மையையும் நாகைக்காரங்க மீன்வளத்தையும் எடுத்துக்கிட்டால் என் எக்செல்லில் இன்னும் ரெண்டு பக்கம் நிரம்பும். யார் எதை எடுக்கிறீங்கன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க, மனுவோட வாசகத்தை அனுப்பி வைக்கிறேன்.