நடக்கச் சொல்கிறார்கள், நேரம் எங்கே?

சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கல்லாப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அது வரும் என்று பாட்டாளி மக்கள் அலட்சியமாக இருந்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு தழுவி நடந்த ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. 10 கோடிக்கு மேற்பட்ட இந்தியருக்குச் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்கிறது அதன் கணக்கு. இத்தனை கோடிப் பணக்காரர்கள் இந்த நாட்டில் எங்கே இருக்கிறார்கள்?

இந்த வியாதி தனியாக வருவதில்லை, கூட்டாளிகளோடு வருகிறது. தொந்தி, ரத்தக் கொதிப்பு, ரத்தத்தில் சர்க்கரை ஏறுதல், ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுதல், நல்ல கொழுப்புக் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் ‘வளர்சிதை மாற்றக் கோளாறு’ என்று டாக்டர்கள் பெயர் சூட்டுகிறார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஆபத்து புரியும்: மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அது பாதை போடுகிறது. தையற்காரரின் நாடாவே முதல் சோதனை. வயிற்றின் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் எட்டினால் எச்சரிக்கை!

பரிகாரம் உண்டா? உண்டு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 2006-ல் வெளிவந்தது. வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேரைப் பல பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான புத்திமதி மட்டும். இன்னொரு பகுதியினருக்கு, தினம் அரை மணி வேக நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு என்று விடாமல் வழிகாட்டினார்கள். மூன்றாண்டில் முதல் பகுதியில் நூற்றுக்கு 55 பேர் வியாதிக்காரர்களானார்கள். இரண்டாவதில் 39 பேர்தான். மாத்திரை மட்டும் சாப்பிட்ட பகுதியினருக்கும் ஏறக்குறைய இதே பலன்தான் கிடைத்தது.

2013-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி, வேலைக்குப் போகும் 537 ஆண்களைப் பற்றியது. சாப்பாட்டையும் நடையையும் செல்போன் செய்தியால் அடிக்கடி நினைவூட்டினார்கள். இரண்டாண்டில் வியாதி கண்டவர்கள், நினைவூட்டப்பட்டோரில் நூற்றுக்கு 18, மற்றவர்களில் 27. தொழிலாளிக்குச் சொன்னால் ஏறாது என்பவர்களின் வாயை இந்தக் கணக்கு அடைக்கிறது. ஒரு நாள் உபதேசத்தால் அல்ல, தொடர்ந்து துணை நிற்பதால் பலன் வருகிறது.

ஆனால், நாம் கேட்கிறோம்: அந்த அரை மணி எங்கே? 2023 ஏப்ரலில் ஒரு நாள் வேலையை 12 மணி வரை நீட்ட வழிசெய்யும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரக் கணக்கு மாறாது என்று சமாதானம் சொன்னார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 12 மணி நின்று, போக வர இரண்டு மணி பஸ்ஸில் தொங்கியவன் எப்போது நடப்பான்? எப்போது தூங்குவான்? எட்டு மணி வேலை கூலிப் பிரச்னை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்னை!

மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோன ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-ல் தொடங்கியது, வரவேற்கத்தக்க காரியம். ஆயினும், வியாதி வந்தபின் வீடு தேடுவதோடு, வருமுன் ஆலை வாசலில் தடுப்பதும் சர்க்காரின் கடமை. 1948 தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட ஆலைகளில் காண்டீனுக்கு வழிசெய்தது. அதை நடத்தும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் இடம் தந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து விலையை மட்டும் பேசினால் போதுமா? பரோட்டாவுக்கும் போண்டாவுக்கும் பதில் சுண்டல், காய்கறி, கேழ்வரகு கேட்க வேண்டாமா? வேலை நேரத்திலேயே, சம்பள வெட்டில்லாமல், வருஷந்தோறும் ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டாமா?

தோழர்களே! நிர்வாகம் செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரு நாடாவும் ரத்தக் கொதிப்புக் கருவியும் இருக்கட்டும். பத்துப் பேர் சேர்ந்து நடக்கட்டும். நாள் முழுதும் மூட்டை சுமப்பவருக்கு நடை உபதேசம் வேண்டாம். அவருக்குச் சாப்பாட்டையும் பரிசோதனையையும் கவனித்துக் கொடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

உழைப்பவனுக்கு இருக்கும் ஒரே சொத்து அவன் உடம்பு. அதைக் காப்பதும் சங்க வேலையே!