தொட்டில் ஆட்டும் கூலி

பிரவுசரில் இலவசமாக ஆடக் கிடைக்கும் விளையாட்டுகளில், கூடுதல் பகுதிகளுக்கென்று ஆடுபவரிடம் பணம் பெறுவது நியாயமா என்னும் கேள்வி, நம் தொழிலைச் சேர்ந்த இருவர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே எழுந்துவிடுகிறது. இலவசம் என்று அழைத்துவந்து, இலை போட்ட பிறகு காசு கேட்பது எந்த ஊர் நியாயம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள்; இனாமாக உண்ண வந்தவருக்கு உப்புக் குறைவென்று சொல்ல என்ன பாத்தியதை என்று மறு சாரார் திருப்பிக் கேட்கிறார்கள். இரு கட்சியிலும் அனுபவஸ்தர்கள் இருக்கிறார்கள். இரு கட்சியிலும் ஓரளவு உண்மையும் இருக்கிறது. ஆயினும், எதற்காக வாங்குகிறோம் என்பதை விசாரியாமல், வாங்கலாமா கூடாதா என்று வாதிட்டுக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது நமது அபிப்பிராயம்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். இலவசம் என்பது ஆடுபவருக்கு மட்டுந்தான். நடத்துபவருக்குச் சர்வர் வாடகை மாதந்தோறும் வந்து நிற்கிறது. பிரவுசரின் புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய நிரல் எங்கேனும் ஓரிடத்தில் இடறி விழுகிறது. படம் வரைபவருக்கும் கதை எழுதுபவருக்கும் வயிறு என்று ஒன்று இருக்கிறது. விளம்பரமே இவ்வளவையும் தாங்கிவிடும் என்ற நம்பிக்கை எத்தனை நாள் நிலைக்கும் என்பதற்கு ரூன்ஸ்கேப்பின் சரித்திரமே சாட்சி. கேம்பிரிட்ஜில் பயின்ற ஆண்ட்ரூ கோவர், தம் சகோதரர் பாலின் துணையோடு உருவாக்கி 2001 ஜனவரியில் வெளியிட்ட அவ்விளையாட்டு, ஜாவா இருந்தால் எந்தப் பிரவுசரிலும் ஓடக்கூடியதாகவும், விளம்பர வருமானத்தை நம்பியதாகவும் இருந்தது. இணைய விளம்பரச் சந்தை சரிந்து அவ்வருமானம் வற்றவே, 2002 பிப்ரவரியில் மாதம் 5 டாலர் சந்தா என்னும் ஏற்பாடு வந்தது.

அந்தச் சந்தாவின் அமைப்பைத் தொழில் தெரிந்தவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஃபலடார் நகரின் மதிலைக் கடந்து மேற்கே சென்றால், டாவர்லி கிராமத்துக்குப் போகும் வழியில் ஒரு வாயில் இருந்தது. சந்தாதாரர் அதைத் திறந்து அப்பால் சென்றுவிடுவார், மற்றவர் கிளிக் செய்தால், அது சந்தாதாரருக்குரிய நிலம் என்ற அறிவிப்பு வரும், அவ்வளவுதான். வாயிலுக்கு இப்பால் இருந்த உலகமோ அரைகுறையானதன்று. அங்கே லம்பிரிட்ஜ் கோட்டை இருந்தது. வாரக் நகரின் கடைவீதி இருந்தது. மீன் பிடிக்கவும் சுரங்கம் தோண்டவும் இரும்பு உருக்கவும் இடம் இருந்தது. கடல் கடந்து ஒரு தீவுக்குச் சென்று டிராகனைக் கொல்லும் பெரிய சாகசமே இருந்தது. காசில்லாத சிறுவன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அங்கே சஞ்சரித்து, தொடக்கமும் நடுவும் உச்சமும் உள்ள முழு விளையாட்டை ஆடி முடித்ததாகவே உணரலாம். வாயிலுக்கு அப்பால் இருந்தவையோ, சந்தாதாரருக்கென்று புதிதாகக் கட்டப்பட்ட ஊர்கள். வீட்டுக்குப் பின்னால் இன்னொரு அறை கட்டி அதற்கு வாடகை கேட்பதை எவரும் குற்றம் சொல்ல முடியாது.

அதே விளையாட்டு பத்தாண்டுகளுக்குப் பின் வேறொன்றையும் விற்றது. 2012இன் தொடக்கத்தில் அதனுள் ஒரு பரிசுச் சக்கரம் வந்தது. நாளுக்குச் சில சுற்றுகள் இனாமாகக் கிடைத்தன. சில மாதங்களுக்குள்ளாகவே சுற்றுகளைக் காசுக்கு வாங்கும் வழியும் திறக்கப்பட்டது. சக்கரம் தந்த பரிசுகளில், திறமையின் அனுபவப் புள்ளிகளை அப்படியே உயர்த்திவிடும் விளக்குகளும் அடக்கம். இதில் என்ன நஷ்டம், விருப்பமுள்ளவர் வாங்கட்டும், மற்றவர் பேசாமல் ஆடட்டும் என்று கேட்கலாம். ஒரு திறமையில் 99ஆம் நிலையை அடைய அவ்விளையாட்டில் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92ஆம் நிலையை எட்டினால்தான் பாதி வழி வந்ததாகக் கணக்கு. அந்நிலையை அடைந்தவர் தோளில் அணியும் மேலங்கிக்கு இருந்த மதிப்பு முழுவதும், அது எவ்வளவு பிரயாசையால் கிடைத்தது என்பதைக் காண்போர் அறிந்திருந்ததிலேயே அடங்கியிருந்தது. அப்புள்ளிகள் கடைச் சரக்கானபோது, ஒரு காசும் கொடாமல் மாதக்கணக்கில் உழைத்து அம்மேலங்கியைப் பெற்றவருடைய தோளிலும் அதன் மதிப்புக் குறைந்தது. வாங்கியவருக்குக் கொடுத்ததை வாங்காதவரிடமிருந்து எடுத்துக் கொடுத்த வியாபாரம் அது. மறு ஆண்டு பிப்ரவரியில், 2007ஆம் ஆண்டின் பழைய பதிப்பை மீண்டும் திறக்கலாமா என்று நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியபோது 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள் என்பதும், சக்கரமில்லாத அப்பழைய உலகத்துக்குள் சந்தா கட்டியே நுழைந்தார்கள் என்பதும், ஆடுபவர்கள் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் என்று சொல்லிவருவோர் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு வகை வியாபாரத்துக்கு ஃபார்ம்வில் நல்ல உதாரணம். 2009இல் ஃபேஸ்புக்கின் உள்ளே ஜிங்கா நிறுவனம் விரித்த அந்தப் பண்ணையில், ஸ்ட்ராபெரி விதைத்தால் நான்கு மணி நேரத்தில் பழுக்கும். பழுத்ததைக் காலத்தில் வந்து பறிக்காவிட்டால் வாடிப்போகும். அலுவலகத்தில் இருப்பவரும் அடுப்படியில் இருப்பவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி அந்த நான்கு மணி நேரத்தை நிர்ணயித்தவர் எந்தக் குடியானவரும் அல்லர், நம்மைப் போன்ற ஒரு வடிவமைப்பாளர்தான். காத்திருக்க முடியாதவருக்காகக் கடையில் ஒரு சிறு விமானம் இருந்தது; காசு கொடுத்து வாங்கிய பண்ணைப் பணத்தைச் செலுத்தினால், அது வயலின் மேல் பறந்து நொடியில் பயிரை விளையச் செய்துவிடும். காத்திருப்பை உண்டாக்கியவரும் நாமே. காத்திருப்பைப் போக்கும் மருந்தை விற்பவரும் நாமே. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. பழமொழியில் வருபவராவது தொட்டில் ஆட்டியதற்குக் கூலி கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபணை எழும். அது நியாயமான ஆட்சேபணையே. வரம்பு எல்லாம் கிள்ளலாகுமா? ஒரு நாளுக்கு இவ்வளவுதான் ஆடலாம் என்று அளந்து தருவதில் ஆடுபவருக்கே நன்மை இருக்கலாகாதா? இருக்கலாம். 2009இல் வேறு பெயரில் தொடங்கி இன்று ஃபாலன் லண்டன் என்று வழங்கும் எழுத்து விளையாட்டில், பூமிக்கடியில் விழுந்துவிட்ட விக்டோரியா காலத்து லண்டனைப் பற்றிய கதைத் துணுக்குகளைத் தேர்ந்து தேர்ந்து வாசித்துச் செல்கிறோம். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு செயல் கழிகிறது. பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக அது திரும்ப ஊறுகிறது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை வாசித்த தலைமுறையினருக்கு அந்த இடைவெளியின் ருசி தெரியும். அங்கே காசு கொடுத்து வாங்கும் நாணயத்துக்கு விதி என்று பொருள்படும் ஃபேட் என்றே பெயர். அந்த நாணயத்தால் தனிக் கதைகளையும் வாங்கலாம். தீர்ந்துபோன செயல்களை மீண்டும் நிரப்பிக்கொள்ளவும் செய்யலாம். ஒரே கல்லாப்பெட்டியில் இருவகைச் சரக்கும் விற்பனையாவதால், நமக்கு ஓர் உரைகல்லும் கிடைத்துவிடுகிறது. வரம்பு விளையாட்டின் நன்மைக்காக ஏற்பட்டதென்றால், பணம் கொடுப்பவருக்கும் அந்நன்மை வேண்டும். அவருக்கு மட்டும் அதை விலக்கித் தருவது, அவருடைய வாசிப்பைக் கெடுக்கக் காசு வாங்குவதாகும். விலக்கித் தருவதால் அவருடைய ஆட்டம் சிறக்கிறது என்றால், வரம்பு ஆரம்பத்திலிருந்தே தீமைதான். அதை எல்லாருக்கும் எடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் உட்கார்ந்து ஒருவர் எழுதிய தனிக் கதைக்கு விலை கேட்பதில் இந்தச் சங்கடம் ஏதும் இல்லை. எழுதினார், விற்றார், வாங்கினோம், வாசித்தோம், கணக்கு நேராகிவிட்டது.

நேரான கணக்கில் நீண்ட நாள் வாழலாம் என்பதற்கும் சாட்சி உண்டு. 2003இல் ஜாக் ஜான்சன் குச்சி உருவங்களை வரைந்து தொடங்கிய கிங்டம் ஆஃப் லோத்திங், ஆடம்பரமான படமோ ஓசையோ இன்றி, நகைச்சுவை எழுத்தை மட்டுமே மூலதனமாகக் கொண்டு 20 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. 10 டாலர் நன்கொடை அளிப்பவருக்கு ஓர் அணிகலன் கிடைக்கிறது. அதைக் கொடுத்து, அந்தந்த மாதத்துக்கென்று புதிதாகச் செய்யப்பட்ட விசேஷப் பொருளைப் பெறலாம். அவ்வணிகலனை விளையாட்டின் அங்காடியில் விற்கவும் தடையில்லை. இறைச்சித் துண்டுகள்தான் அங்கே நாணயம். ஆகவே, காசில்லாதவர் நாட்கணக்கில் ஆடிச் சேர்த்த இறைச்சியைக் கொண்டு, காசுள்ளவரிடமிருந்து அதே பொருளை வாங்கிவிடுகிறார். ஒருவருடைய பணமும் இன்னொருவருடைய பொழுதும் ஒரே சந்தையில் சந்தித்துக்கொள்கின்றன. வாயிலுக்கு வெளியே எவரும் நிறுத்தப்படுவதில்லை.

அதிர்ஷ்டத்தை விற்கும் மூடிய பெட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018லேயே அவற்றைச் சூது என்று தீர்மானித்துவிட்டது. 2025இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டமும், பணயம் வைத்து ஆடுவதைத் தடை செய்து, பணயமாக அல்லாமல் பெறப்படும் சந்தாவையும் நுழைவுக் கட்டணத்தையும் அனுமதித்திருக்கிறது. சட்டம் இழுத்த கோட்டுக்கு இப்பால் நின்றுவிட்டால் நம் கடமை முடிந்தது என்று கருதுவோரும் உண்டு. ஆனால் அந்தக் கோடு கிள்ளுவதைத் தடுப்பதில்லை. அது வடிவமைப்பாளரின் மனசாட்சிக்கே விடப்பட்டிருக்கிறது.

விற்கும்போது மறக்கக்கூடாத இன்னொன்று, நம் சரக்கின் ஆயுள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷைக் கைவிட்டது. ஃபார்ம்வில்லின் பண்ணைகளும் அன்றோடு மூடப்பட்டன. பதினோரு ஆண்டுகளில் காசு கொடுத்து வாங்கப்பட்ட களஞ்சியமும் குதிரையும் வேலியும் ஒரே இரவில் இல்லாமற்போயின. மூடுவதற்குச் சில மாதங்கள் முன்பே அறிவித்ததும், கடைசி வாரங்களில் பணம் பெறுவதை நிறுத்திக்கொண்டதும் அந்நிறுவனத்தின் கண்ணியம் என்றே சொல்ல வேண்டும். பிரவுசர் விளையாட்டில் எதை விற்றாலும், நம் சர்வர் உயிரோடிருக்கும் வரையில்தான் அது வாங்கியவருடையது. இதை விற்கும் இடத்திலேயே, வாங்குபவருக்கு விளங்கும் சொற்களில், எழுதிவைப்பது குறைந்தபட்ச நாணயம்.

ஆகவே, ஆடுபவர் பணம் கொடுக்கலாமா என்றால், தாராளமாகக் கொடுக்கலாம். உழைத்து ஆக்கப்பட்ட ஒன்றுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அவ்வாறு கேட்க நாமும் கூச வேண்டியதில்லை. பிரவுசரில் விளையாட்டு நடத்தும் நம் அன்பர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த முறை உங்கள் விளையாட்டில் ஒரு விலைச்சீட்டைத் தொங்கவிடுமுன், அதன் பின்னால் இருப்பது நீங்கள் கட்டிய அறையா, நீங்களே போட்ட பூட்டா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். அறையானால் தயங்காமல் விலை சொல்லுங்கள். பூட்டானால், இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.