அடுத்த ஆளுக்கும் புரியும்படி ஒரு ஃபோல்டர்



பூதப்பாண்டியிலும் சுற்று ஊர்களிலும் இருந்து வந்து என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவர்களில் பலர் இன்று திருவனந்தபுரத்திலும் பெங்களூரிலும் கிளவுட் வேலையில் இருக்கிறீர்கள். ஐ.டி. பக்கம் போகாத சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் திரையில் ஒவ்வொன்றாகத் தட்டி அமைக்காமல், "இன்னின்னது வேண்டும்" என்று கோப்பில் எழுதி உண்டாக்குகிற வேலை அது. அதற்குப் பெயர்பெற்ற கருவி டெராஃபார்ம். ஹாஷிகார்ப் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. 2023-இல் அதன் உரிமத்தை மாற்றியபோது பிரிந்து வந்தது ஓபன்டோஃபு. எதை எடுத்தாலும் தொடக்கம் ஒன்றுதான்: ஒரு ஃபோல்டரில் கோப்புகளை எழுதி, அங்கே 'இனிட்' கட்டளை கொடுக்க வேண்டும்.

இந்தத் தொடக்கத்தை நம் பிள்ளைகள் ஒரு நிமிட வேலையாக நினைக்கிறார்கள். அந்த ப்ராஜெக்ட் ஒரு ஆளின் கையில் சிக்கிக்கொள்ளுமா, குழுவின் கையில் இருக்குமா என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

என் மாணவி ஒருத்தி, அப்பாவின் பதினாறாம் நாள் அடியந்திரத்தன்று, உள்ளே பந்தி நடக்கும்போது திண்ணையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். ஸ்டேட் ஃபைல் அவளுடைய லேப்டாப்பில் மட்டுமே இருந்தது. பொது இடத்துக்கு மாற்ற அவள் பலமுறை நேரம் கேட்டும், "அப்புறம் பார்க்கலாம்" என்பதே அலுவலகத்தின் பதில். "நான் இல்லாவிட்டால் ஓடாது" என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. மக்களே, அது நீங்களே மாட்டிக்கொள்ளும் விலங்கு.

ஸ்டேட் ஃபைல் என்பது டெராஃபார்ம் தான் உண்டாக்கியவற்றைக் குறித்து வைக்கும் பதிவேடு. அது தொலைந்தால் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் டெராஃபார்முக்கு அவை தன்னுடையவை என்று தெரியாது. எல்லாவற்றையும் புதிதாக உண்டாக்கப் பார்க்கும். பழையதை ஒவ்வொன்றாக 'இம்போர்ட்' செய்து சேர்க்க வேண்டிவரும். வயலும் பயிரும் இருக்கிறது, பத்திரத்தைக் காணோம் என்கிற கதை.

ஆகவே முதல் நாளே செய்ய வேண்டியவை:

1. சோதனைக்கு ஒரு ஃபோல்டர், நிஜப் பயன்பாட்டுக்கு வேறு ஃபோல்டர். ஒரே ஃபோல்டரில் இருக்கும் டிஎஃப் கோப்புகள் அனைத்தையும் டெராஃபார்ம் சேர்த்து ஒன்றாகவே படிக்கும். கோப்பின் பெயரை மாற்றினால் பிரிந்துவிடாது.

2. ஸ்டேட்டை எங்கே வைப்பது என்று 'பேக்எண்ட்' பகுதியில் எழுதுங்கள். குழுவுக்குப் பொதுவான, இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்ற முடியாதபடி பூட்டுப் போடும் இடமாக இருக்கட்டும். ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்தாலும் கவலை இல்லை. பேக்எண்ட் எழுதி மறுபடி இனிட் கொடுத்தால், பழைய ஸ்டேட்டை அங்கே நகலெடுக்கட்டுமா என்று அதுவே கேட்கும்.

3. இனிட் உண்டாக்கும் 'லாக்' கோப்பை கிட்டில் சேருங்கள். எந்த ப்ரொவைடரின் எந்தப் பதிப்பு என்று அதில் இருப்பதால், எல்லாருக்கும் அதே பதிப்பு இறங்கும். 'டாட் டெராஃபார்ம்' ஃபோல்டரையும் ஸ்டேட் ஃபைலையும் மட்டும் சேர்க்காதீர்கள். முன்னது இனிட் கொடுத்தால் மறுபடி வந்துவிடும். பின்னதில் பாஸ்வேர்டுகள்கூட வெறும் எழுத்தாகவே கிடக்கலாம்.

நம் பக்கத்து ஊர் அழகியபாண்டிபுரம் முதலியார் வீட்டில் நாஞ்சில் நாட்டின் பழைய ஓலைகள் இருந்தன. கவிமணி போன்றவர்கள் தேடிப் படித்ததால்தான் அவை எல்லாருக்கும் தெரியவந்தன. ஒரே வீட்டில் இருக்கும் பதிவுக்கு எப்போதும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

கடைசியாக ஒரு பரீட்சை. ப்ராஜெக்டைத் தொடாத ஒருவரை அழைத்து, புதிய கணினியில் கோப்புகளை இறக்கச் சொல்லுங்கள். வேண்டிய அனுமதியைக் கொடுத்துவிட்டு, இனிட், பிறகு பிளான் என்று இரண்டு கட்டளை மட்டும் போடச் சொல்லுங்கள். உங்களிடம் ஒன்றும் கேட்காமலே "மாற்றம் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் பாஸ். தைத் தேரோட்டத்துக்கு லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வரலாம்.