சருகும் எருநீரும்

மாசி, பங்குனித் திங்கள்களில் நமது கலாசாலைத் தோட்டத்து வாகையும் வேம்பும் தூங்குமூஞ்சி மரமும் இலையுதிர்ப்பதை யாவரும் கண்டுளோம். அச்சருகுகள் குவிக்கப்பட்டுத் தீக்கிரையாவதையும் கண்டுளோம். பின்னர்ப் பூஞ்செடிகளுக்கு எரு வேண்டுமென்று மூட்டை மூட்டையாய் விலைக்கு வாங்குகின்றோம். கையிலுள்ளதை எரித்துவிட்டு அதனையே கடையிற் கொள்வது கற்றோர் வாழுமிடத்திற்குத் தகுமோ?

இதன்பொருட்டுத் தோட்டக்காரரைக் குறைகூறுதல் நீதியன்று. தரையிற் சருகொன்று கிடப்பினும் அதனை அசுத்தமென்று கருதுவோர் நாமே. சருகை எரித்தால் எஞ்சுவது சாம்பல். அதில் சாம்பற்சத்தும் சுண்ணமும் உண்டென்பது மெய்யே. ஆயினும், மண்ணுயிர்கட்கு உணவாகும் கரிமப் பொருளும், தழைச்சத்தின் பெரும்பகுதியும் புகையோடு போய்விடுகின்றன. அப்புகையைச் சுவாசிப்போரும் நாமே.

உழுதலினும் எருவிடுதல் சிறந்ததென்பது வள்ளுவர் கருத்து. ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் ஆங்கில விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்து ஆராய்ச்சி செய்து, சருகு, வைக்கோல் முதலிய கழிவுகளைச் சாணம், மண், சாம்பல் இவற்றோடு அடுக்கி, நீர் தெளித்து, இடையிடையே கிளறி, ஏறக்குறைய மூன்று திங்களில் நல்லெருவாக்கும் முறையை வகுத்தார். 1931இல் யஷ்வந்த் வாடு என்பவரோடு சேர்ந்து அதனை நூலாகவும் வெளியிட்டார். இந்தியாவில் வகுக்கப்பட்ட இம்முறையை அயல்நாட்டார் பலர் போற்றிக் கைக்கொள்ள, நாம் தீப்பெட்டியைத் தேடுகின்றோம்!

மேனாடுகளிற் கூதிர்ப் பருவத்திலேயே இலையுதிரும். நமக்கோ பங்குனியிற் குவித்த சருகு, ஐப்பசியிற் கூதிர் தொடங்குமுன் மட்கி நிற்கும். மழைக்கு முன்னர் அவ்வெருவைப் பாத்திகளிற் பரப்பலாம். எஞ்சியதிற் சிறிதெடுத்து எருநீரும் செய்யலாம். மேனாட்டார் இதனைக் கம்போஸ்டுத் தேநீர் என்பர். நன்கு மட்கிய எரு ஒரு பங்கைச் சாக்கிற் கட்டிப் பத்துப் பங்கு நீரில் ஓரிரு நாள் ஊறவைத்து, அடிக்கடி கலக்கி, வடித்த அன்றே செடியின் அடியில் ஊற்றுதல் வேண்டும். மழை விட்ட நாட்களே இதற்கேற்றவை. பெருமழையில் ஊற்றின் சத்து வடிந்தோடும்.

சிலர் இந்நீரைச் சகல நோய்க்கும் மருந்தெனப் புகழ்வர். அஃது மிகை. இதிலுள்ள சத்துக்கள் செடிக்கு விரைவிற் கிட்டுமாயினும் அளவிற் குறைந்தவை. மண்ணைப் பொதபொதப்பாக்கி ஈரங் காக்கும் ஆற்றல் எருவுக்கே உரியது. மேலும், பச்சையாக உண்ணும் கீரை, காய்களின்மேல் இதனைத் தெளித்தலாகாது. அரைகுறையாய் மட்கிய சாணத்தில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். ஆகவே எருக்குழியே முதல், எருநீர் அதன் பின்னர்.

குழியினால் துர்நாற்றம் எழுமேயென்பர் சிலர். காற்றோட்டமின்றி நீர் மிகுந்தால் நாறும். காலத்திற் கிளறினால் மழைபெய்த காட்டின் மணமே வீசும். இதற்கு வேண்டுவது பணமன்று, உழைப்பே.

ஆதலின் மாணவ நண்பர்காள்! வரும் பங்குனியில் விடுதிக்குப் பின்புறம் ஒரு குழி தோண்டுவோம். வகுப்புக்கு ஒரு வாரமென முறைவைத்துக் கிளறுவோம். மனிதன் மண்ணினால் உருவாக்கப்பட்டானென்று வேதாகமம் கூறக் கேட்கும் நாம், அம்மண்ணைத் தொடுதற்கு நாணுவது முறையன்று. மரங்கள் ஆண்டுதோறும் நமக்களிக்கும் கொடையை மண்ணுக்கே திருப்பியளித்தல் நமது கடன்.