ஒரு சொல்லின் சுமை

அன்றாடம் நம் செவியில் விழும் ஆங்கிலச் சொற்களுள் ‘சார்ஜ்’ என்பதும் ஒன்று. மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே பேருந்துக்குக் காத்து நிற்பவர், “பஸ் சார்ஜுக்குச் சில்லறை இருக்கிறதா?” என்று மனைவியைக் கேட்கிறார். பேருந்தினுள் அமர்ந்த இளைஞர், கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்று வருந்துகிறார். தியாகராய நகர்க் கடையில், பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்து தரத் தனிச் சார்ஜ் என்கின்றனர். அடையாற்றில் மருத்துவமனை வாயிலில் நிற்பவர், நாளை டிஸ்சார்ஜ் என்று மகிழ்கிறார். அலுவலகத்தில் ஒருவர் சார்ஜ் எடுத்துக்கொள்கிறார். மற்றொருவர் இன்சார்ஜ் ஆக இருக்கிறார். ஊர்வலத்தில் லத்தி சார்ஜ் நடக்கிறது. நீதிமன்றத்தில் சார்ஜ் ஷீட் தாக்கலாகிறது. ஒரே நாளில், ஒரே நகரத்தில், ஒரு சொல் எட்டு வேலைகளைச் செய்துவிடுகிறது. இச்சொல்லை நாம் ஆளுகிறோமா, இது நம்மை ஆளுகிறதா என்று சற்றே எண்ணிப் பார்ப்பது நலம்.

முதலில் இதன் பிறப்பை நோக்குவோம். இலத்தீனில் ‘கர்ருஸ்’ என்பது வண்டி. அதிலிருந்து ‘வண்டியில் ஏற்று’ என்னும் பொருளுடைய வினை பிறந்தது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அது ஆங்கிலத்துள் புகுந்து ‘சார்ஜ்’ ஆயிற்று. கப்பற்சரக்கைக் குறிக்கும் ‘கார்கோ’வும், நாம் ஏறிச்செல்லும் ‘கா’ரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே இச்சொல்லின் அடிப்பொருள் சுமை என்பதே. ஒருவர்மீது கடமையை ஏற்றினால் பொறுப்பு. செலவை ஏற்றினால் கட்டணம். பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. மின்கலத்தில் ஆற்றலை ஏற்றினால் மின்னேற்றம். ஏற்றிய சுமையை இறக்குவதே டிஸ்சார்ஜ். பல பொருள்கள் சிதறிக் கிடப்பதுபோல் தோன்றினாலும் அவற்றினூடே ஒரே நூல் ஓடுவதைக் காண்கிறோம்.

இதில் வியப்பு என்னவெனில், இதே உவமையைத் தமிழும் தானே கண்டுள்ளது. நாம் பொறுப்பைச் சுமத்துகிறோம், குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம், கடனைச் சுமக்கிறோம். ‘பொறு’ என்னும் வினையினின்று பொறுப்பும் வந்தது, பொறுமையும் வந்தது. ‘பொறை’ என்னும் சொல்லுக்குச் சுமை என்றும் பொருள். பொறுமை என்றும் பொருள். சுமையையும் அதைத் தாங்கும் பண்பையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம்முடையது. ஆயினும் தமிழ், வினையை ஒன்றாக வைத்துக்கொண்டு பெயர்களைத் தனித்தனியே வளர்த்தது. பொறுப்பு, கட்டணம், குற்றச்சாட்டு, தடியடி, மின்னேற்றம் ஆகிய ஐந்தையும் ஒருவர் ஒன்றோடொன்று மயங்கிக் கேட்க வழியில்லை.

ஒரு சொல் பல பொருள் தருவது குற்றம் என்று நாம் கூறவில்லை. தமிழிலும் அத்தகைய சொற்கள் நிரம்ப உள்ளன. ‘பள்ளி’ என்பது கல்விக்கூடத்தையும் குறிக்கிறது, சமண முனிவர் உறைவிடத்தையும் குறிக்கிறது, துயிலிடத்தையும் குறிக்கிறது, நாம் தொழும் இடத்தையும் குறிக்கிறது. ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்னும் இருவகையையும் நம் முன்னோர் நன்கறிந்து முறைப்படுத்தினர். சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினொன்றாவது, ஒரு சொல் தரும் பல பொருள்களையே தொகுத்துரைக்கிறது. 1732-இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் பெயரகராதி சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. பொருளகராதி பொருளுக்குரிய பல பெயர்களைச் சொல்கிறது. இருவழியும் திறந்திருந்தால்தான் மொழி ஓடும். ஒரு வழி அடைபட்டால் தேங்கும்.

இன்று அடைபட்டிருப்பது இரண்டாவது வழியே. சார்ஜ் என்பதற்குப் பல பொருள் உண்டென்று நம் மாணவர் அறிவர். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தமிழ்ச் சொல்லைக் கேட்டால் தயங்குகின்றனர். பள்ளியில் இயற்பியல் நூலில் ‘மின்னூட்டம்’ என்று படித்து மதிப்பெண் பெற்றவர், தம் கைப்பேசியில் நிகழ்வது அதனோடு தொடர்புடையது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் போனது போகட்டும், ஆங்கிலமாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆங்கிலேயர் பேருந்துக்குக் கொடுக்கும் காசை ‘ஃபேர்’ என்பர். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் கொடுப்பதை ‘ஃபீ’ என்பர். பாலத்தைக் கடக்கக் கொடுப்பதை ‘டோல்’ என்பர். நாமோ அனைத்தையும் சார்ஜ் என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். இரு மொழியிலும் ஏழையாவதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

வணிகமும் விரைவும் மிகுந்த இடத்தில் தமிழ் நிற்காது என்பாரும் உளர். அவர்களைத் தியாகராய நகர் உசுமான் சாலையில் உள்ள நகைக்கடைகளுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே விற்பவரும் வாங்குபவரும் ‘செய்கூலி’, ‘சேதாரம்’ என்றே பேசுகின்றனர். நகை செய்ததற்கான கூலி வேறு, செய்கையில் கழிந்த பொன்னுக்கான கணக்கு வேறு. இரண்டையும் ஒரே சார்ஜ் ஆக்கினால் வாங்கும் தாய்மார் விடமாட்டார்கள். ஏனெனில் அது அவர்கள் பணம். தமக்கு இழப்பு நேரும் இடத்தில் மக்கள் சொல்லைக் காக்கிறார்கள். சுமைகூலி, வண்டிச்சத்தம், தரகு, சுங்கம், தீர்வை என்று எத்தனை எத்தனை சொற்கள்! ஒவ்வொன்றும் யாரிடம், எதற்காக, என்ன கொடுக்கிறோம் என்பதை ஐயமறச் சொல்கிறது.

சொல் மயங்கினால் வாழ்வும் மயங்கும் என்பதற்கு நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். நம் மாணவர் ஒருவரின் தந்தையார் ஓர் அலுவலகத்தில் காவலர். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஒருநாள் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றை அவரிடம் கொடுத்துக் கையொப்பம் பெற்றனர். என்ன தாள் என்று கேட்டதற்கு, “சார்ஜ் மெமோ” என்று விடை வந்தது. சார்ஜ் என்றால் அவர் அறிந்தது காசு. சம்பளத்தில் ஏதோ பிடித்தம் செய்யப் போகிறார்கள் என்று எண்ணி, தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். மகனிடமும், “ஏதோ சார்ஜாம்” என்றே சொல்லியிருக்கிறார். பட்ட வகுப்பில் படிக்கும் மகனும் அதைக் காசென்றே கருதிவிட்டார். பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று தாளில் இருந்தது. இருபதாம் நாள்தான் அது நம் கைக்கு வந்தது.

பணிநேரத்தில் இடத்தை விட்டு அகன்றார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றம். அன்று அவர் மேலாளரிடம் சொல்லிவிட்டே மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தார். சொல்வதற்கு நேர்மையான விடை இருந்தது; சொல்வதற்கான காலம் கடந்திருந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தோம். அதை ஏற்கச் செய்வதற்குள் அவர் இரண்டு மாதம் அலைந்தார். ‘உம்மீது குற்றச்சாட்டு’ என்று ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றிரவே அந்த வீடு விழித்துக்கொண்டிருக்கும். அந்தத் தமிழ்ச் சொல்லை அறியாதவர் அவ்வீட்டில் ஒருவரும் இல்லை.

சட்டமும் இதை உணர்ந்தே உள்ளது. குற்றச்சாட்டு, எதிரிக்குப் படித்துக்காட்டி விளக்கப்பட வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அதற்கு மாற்றாக வந்து 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் அவ்வாறே விதிக்கிறது. காவல்துறை தாக்கல் செய்யும் குற்றப்பத்திரிகை வேறு, நீதிமன்றம் வனையும் குற்றச்சாட்டு வேறு. விசாரணைக்கு முன்பே வழக்கினின்று விடுவித்தல் வேறு, விசாரித்து விடுதலை செய்தல் வேறு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதையும் வழக்கினின்று விடுவிக்கப்படுவதையும் டிஸ்சார்ஜ் என்று ஒரே மூச்சில் சொல்லும் நமக்கு இந்நுட்பங்கள் எவ்வாறு விளங்கும்?

இவ்வாறு கூறுவதால் பிறமொழிச் சொற்கள் அனைத்தையும் வெளியேற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. வசூல், பாக்கி, வக்கீல், ஜாமீன் என்பன அரபியினின்றும், ரசீது, ராஜினாமா என்பன பாரசீகத்தினின்றும் தமிழுக்கு வந்தவை. அவை ஒவ்வொன்றும் ஒரு வேலையை ஏற்று வந்தன; வந்த இடத்தில் அந்த வேலையைத் தெளிவாகச் செய்தன. ஒரு சொல் வந்து எட்டுச் சொற்களைத் துரத்துவதையே நாம் மறுக்கிறோம். மேலும், தமிழ் முஸ்லிம்கள் தம் கடமைகளைத் தொழுகை என்றும் நோன்பு என்றும், இறையில்லத்தைப் பள்ளிவாசல் என்றும் நல்ல தமிழிலேயே காலங்காலமாய் வழங்கி வருபவர்கள். சமயத்தின் உயிர்நாடியான சொற்களையே தமிழில் சொல்லத் தெரிந்த சமுதாயத்துக்கு, கட்டணத்தையும் குற்றச்சாட்டையும் தமிழில் சொல்வது அரிதாகுமா?

தமிழின் சொல்வளத்தைத் தொகுத்தவர்கள் ஒரு சமயத்தார் மட்டும் அல்லர். சூடாமணி சமணர் தந்தது. சதுரகராதி கிறித்தவர் தந்தது. அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளுக்குக் கலைச்சொல் அகராதிகள் தொகுத்து, யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பாசிரியராகவும் பணியாற்றி, 2017-இல் மறைந்த மணவை முஸ்தபா நம்மவர். அவர் நடந்த பாதையில் நம் துறையும் சில அடிகளாவது நடக்க வேண்டாமா?

ஆகவே ஒரு வேண்டுகோள். துறை மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்ளட்டும். லஸ் முனையிலும் பனகல் பூங்காவருகிலும் அடையாற்றிலும் அச்சொல் எத்தனை பொருளில் வழங்குகிறது என்று கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் மக்கள் வாயில் இன்னும் உயிருடன் இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தேடிச் சேர்க்கட்டும். சமுதாயப் பெரியோர்கள், ஜமாஅத் அறிவிப்புகளும் கல்வி உதவித்தொகைப் படிவங்களும் படிக்காத தாய்க்கும் விளங்கும் தமிழில் அமையுமாறு பார்த்துக்கொள்ளட்டும். மாணவர் தம் தெருவில் வரும் கடிதங்களைப் பிறருக்குப் படித்துப் பொருள் சொல்வதைக் கடமையாகக் கொள்ளட்டும்.

ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை நாம் அமானிதம் என்கிறோம். ஆங்கிலத்தில் அதுவும் சார்ஜ்தான். மொழி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கற்ற கல்வியும் அவ்வாறே. இனி அத்தகைய தாள் ஒன்று ஓர் எளிய வீட்டினுள் நுழையும்போது, அங்கே நம் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும், “அத்தா, இது கட்டணம் அன்று, குற்றச்சாட்டு, இன்றே பதில் எழுத வேண்டும்” என்று அவர் அன்றே சொல்ல வேண்டும்.